கெடு முடியுமுன் கேட்க வேண்டியது

என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா பதினோரு வருடமாக ஒரு சர்வதேசத் தொழில்முறைச் சான்றிதழை வைத்திருந்தார். எந்த அமைப்பின் சான்றிதழ் என்பது இங்கே முக்கியமில்லை. மதுரையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான்கு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். இரவில் வார்டுக்கு வெளியே இருந்த இரும்பு பெஞ்சில் லேப்டாப்பைத் திறப்பார், அதுவும் அலுவலக வேலைக்கு மட்டும். சான்றிதழைப் புதுப்பிக்க இன்னும் 14 மணி நேரப் பயிற்சி பாக்கி இருந்தது. நினைவூட்டல் மெயில் மூன்று முறை வந்தது. மூன்றையும் அப்புறம் பார்க்கலாம் என்று நட்சத்திரம் போட்டு வைத்தார். நான்காவது மெயில், சான்றிதழ் இடைநிறுத்தப்பட்டது என்றது. ஒரு வருடம் கழித்து அது முழுசாகவே காலாவதியானது.

ரொம்ப நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, இருவரும் அந்த அமைப்பின் கையேட்டைத் திறந்து படித்தோம். உள்ளே ஒரு பத்தி இருந்தது. கடுமையான நோய், குடும்பத்தில் நேர்ந்த இடர் போன்ற காரணங்களுக்குக் கால நீட்டிப்புக் கேட்கலாம் என்று நாலே வரி. அக்கா அதை இரண்டு முறை படித்தார். "இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு. நான் மட்டும் போய் எப்படிக் கேக்கறது?" என்றார்.

முதலில் சொன்னது தகவல் குறை, அதைச் சரிசெய்வது எளிது. இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. அந்தத் தயக்கம் அக்காவுடையது மட்டுமல்ல. அந்த விதிகள் எழுதப்பட்டிருக்கும் விதமே அதை வளர்க்கிறது.

சான்றிதழ் என்றால் ஒருமுறை தேர்வெழுதிச் சுவரில் மாட்டுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது மாதத் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய வீட்டுக் கடன் மாதிரி. திட்ட மேலாளர்கள் வைத்திருக்கும் பிஎம்பி சான்றிதழுக்கு மூன்று ஆண்டுகளில் 60 பிடியு சேர்க்க வேண்டும். ஒரு பிடியு என்பது ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயிற்சி. தகவல் பாதுகாப்புத் துறையின் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம், கூடவே ஆண்டுக்கு 135 டாலர் பராமரிப்புக் கட்டணம். நம் பணத்தில் 11,000 ரூபாய்க்கு மேல். தகவல் அமைப்புத் தணிக்கையாளர்களின் சிசா சான்றிதழுக்கும் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம்தான். ஆனால் எந்த ஆண்டிலும் 20 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே ஒரு வருடம் படுத்த படுக்கையாக இருந்துவிட்டு அடுத்த வருடம் சேர்த்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் அங்கே அது எடுபடாது. நம் சி.ஏ.க்களுக்கும் இதே வகைச் சுமை உண்டு. தொழில் நடத்தும் சான்று வைத்திருக்கும் 60 வயதுக்கு உட்பட்ட உறுப்பினர் மூன்றாண்டுத் தொகுதியில் 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்? பிஎம்பியை எடுத்துக்கொள்வோம். கெடு தாண்டியதும் ஓராண்டு இடைநிறுத்தம். அந்த ஓராண்டில் அந்த மூன்றெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடக் கூடாது. ஓராண்டுக்குள் பாக்கியை முடித்துவிட்டால் சான்றிதழ் உயிர்பெறும். ஆனால் அடுத்த சுற்றின் தேதி நகராது. பத்து மாதம் தாமதமாக முடித்தால் அந்தப் பத்து மாதமும் அடுத்த மூன்றாண்டிலிருந்து கழிந்துபோகும். விழுந்து எழுந்தவருக்கு அடுத்த சுற்று இரண்டு வருடச் சொச்சம்தான். ஓராண்டும் தாண்டினால் புதிதாக விண்ணப்பித்து முழுத் தேர்வையும் எழுத வேண்டும். இதில் யாரும் அநியாயம் செய்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கவாதத்தால் வந்த நாலு மாத இடைவெளி இவ்வளவு தூரம் நீளும் என்பது பெரும்பாலான உறுப்பினர்களுக்குத் தெரியாது.

இந்த அமைப்புகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால்தான் எந்தச் சலுகை கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காது என்று விளங்கும்.

ஒரு காலத்தில் சான்றிதழ்கள் ஆயுளுக்கும் செல்லும். அமெரிக்காவில் சிறப்பு மருத்துவர்களுக்கான வாரியங்கள் 1910களில் தொடங்கியபோது ஒருமுறை தேறியவர் கடைசிவரை தேறியவர்தான். 1969இல் தொடங்கிய குடும்ப மருத்துவ வாரியம்தான் முதன்முதலில் இந்தச் சான்றிதழ் ஏழு ஆண்டுக்குத்தான் செல்லும் என்று முடிவு செய்தது. மருத்துவம் மாறிக்கொண்டே இருக்கும்போது பழைய தேர்வு புதிய நோயாளிக்கு என்ன உத்தரவாதம் தரும் என்பது அதன் கேள்வி. அந்த எண்ணம் மெல்லப் பரவியது. உள்மருத்துவ வாரியம் 1990 முதல் பத்தாண்டுச் சான்றிதழ்களுக்கு மாறியது. அதற்கு முன் தேறியவர்களின் சான்றிதழ் மட்டும் ஆயுளுக்கும் செல்லுபடியானது. ஒரே மருத்துவமனையில், ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்குக் கெடு உண்டு, மற்றவருக்கு இல்லை. இந்தக் கசப்பு பல ஆண்டுகள் புகைந்துகொண்டிருந்தது. புதுப்பித்தல் விதிகள் மேலும் மேலும் இறுகியபோது மருத்துவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 2015 பிப்ரவரியில் அந்த வாரியத்தின் தலைவர் ரிச்சர்ட் பேரன் தாங்கள் தவறிவிட்டதாக வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார். ஒரு சான்றிதழ் அமைப்பு தன் உறுப்பினர்களிடம் இப்படி இறங்கி வருவது அபூர்வம். அவர்கள் கூடிக் கேட்டதால்தான் அது நடந்தது.

மருத்துவத்துக்கு வெளியே இந்த எண்ணத்தைக் கெட்டிப்படுத்தியது ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 என்ற தரநிலை. நபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேச விதித்தொகுப்பு இது. 2003இல் வந்து 2012இல் திருத்தப்பட்டது. தகவல் பாதுகாப்புத் துறையில் இந்தத் தரநிலைப்படி முதலில் அங்கீகாரம் பெற்றது சிஐஎஸ்எஸ்பி, 2004இல். அங்கீகாரம் வேண்டுமானால் மறுசான்றளிப்புக்கு ஒரு கால அளவு வேண்டும், அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும், இடைநிறுத்தவும் திரும்பப்பெறவும் எழுத்தில் நடைமுறை வேண்டும். அதனால்தான் வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் ஒருவர் மனசு இரங்கினாலும் "பரவாயில்லை, இந்த முறை 46 மணி நேரம் போதும்" என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் அந்த அமைப்பின் அங்கீகாரமே கேள்விக்குள்ளாகும்.

உறுப்பினர் அமைப்புக்குச் செலுத்த வேண்டியவை மூன்று: நேரம், பணம், தகுதி. கெடு தேதி நேரம். ஆண்டுக் கட்டணம் பணம். பயிற்சி மணி நேரங்கள் தகுதிக்கான சாட்சி. இடர்க்காலச் சலுகை என்று எங்கே பார்த்தாலும் அது பெரும்பாலும் நேரத்தில்தான் கிடைக்கும். சில இடங்களில் பணத்தில் கிடைக்கும். தகுதியில் கிடைப்பது மிக மிக அரிது. அதனால் விண்ணப்பம் எழுதும்போது "எனக்கு விலக்குக் கொடுங்கள்" என்று கேட்பவருக்கு மறுப்பு வரும் இடத்திலேயே, "அதே 60ஐயும் முடிக்கிறேன், ஆறு மாதம் கூடக் கொடுங்கள்" என்று கேட்பவருக்குச் சம்மதம் வர வாய்ப்பு அதிகம். முன்னதை ஏற்றால் அமைப்பு தன் தரநிலையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பின்னதற்கு ஒரு தேதியை மாற்றினால் போதும்.

இதே தரநிலையில் உறுப்பினர்களுக்குச் சாதகமான இரண்டு வரிகளும் இருக்கின்றன. யாரும் அவற்றை எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். தேர்வு எழுத வருபவரின் சிறப்புத் தேவைகளைச் சரிபார்த்து, தேர்வின் நேர்மை கெடாத அளவுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்கிறது ஒன்று. நியாயமற்ற பணத்தடை வைத்தோ, ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சொல்லியோ சான்றளிப்பைக் குறுக்கக் கூடாது என்கிறது மற்றொன்று. ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் தவிக்கும் உறுப்பினர் இந்த இரண்டாவது வரியைத் தன் கடிதத்தில் மேற்கோள் காட்டினால் அது கெஞ்சலாக இருக்காது. அமைப்பு தானே ஏற்றுக்கொண்ட விதியை நினைவுபடுத்துவதாகத்தான் இருக்கும்.

தேர்வில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்படும் ஏற்பாடுகளையும் உறுப்பினருக்குத் தரப்படும் இடர்க்காலச் சலுகையையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது உரிமை. இரண்டாவது, இன்றைய நிலையில், தயவு.

1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், உரிமத்துக்கோ சான்றிதழுக்கோ தேர்வு நடத்தும் எவரும் அதை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய இடத்திலும் முறையிலும் நடத்த வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது, அது அளவுக்கு மீறிய சுமையாக இல்லாதவரை. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கை எழுத முடியாமல் இறுகிப்போகும் கோளாறு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்லச் சொல்ல விடை எழுத ஓர் எழுத்தர் கேட்டார். பார்வைக் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு, பெருமூளை வாதம் ஆகியவை உள்ளவர்களுக்குத்தான் எழுத்தர் என்று தேர்வாணையம் மறுத்தது. குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை எட்டாதவருக்கும் எழுத்தர் கேட்கும் உரிமை உண்டு என்றது நீதிமன்றம். அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமை என்று வந்துவிட்டால் கேள்வி அமைப்பின் பக்கம் திரும்பிவிடுகிறது: இதைச் செய்து தருவது உனக்குத் தாங்க முடியாத சுமையா, அப்படியானால் காட்டு. தயவு என்று இருக்கும்வரை கேள்வி உறுப்பினரின் பக்கமே நிற்கிறது: உனக்கு உண்மையிலேயே கஷ்டமா, நிரூபி. அக்காவின் வாயிலிருந்து "நான் மட்டும் எப்படிக் கேக்கறது" என்று வந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவரின் கதை ஒன்று உண்டு. 2007இல் ஹார்வர்டில் மருத்துவம் முடித்த ஸோஃபி கர்ரியர் மருத்துவ உரிமத் தேர்வின் ஒரு கட்டத்தை எழுத வேண்டியிருந்தது. அதில் தேறினால்தான் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர முடியும். கையில் சில மாதக் குழந்தை. ஒன்பது மணி நேரத் தேர்வு, அதற்கு 45 நிமிட இடைவேளை. அந்த 45 நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும், கழிப்பறை போக வேண்டும், தாய்ப்பாலையும் பீய்ச்சி எடுக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தெரியும், நேரத்துக்கு எடுக்காவிட்டால் மார்பு கல்லாக இறுகி வலிக்கும், காய்ச்சலே வந்துவிடும். கூடுதல் இடைவேளை கேட்டார். கற்றல் குறைபாட்டுக்காக அவருக்கு ஏற்கெனவே தேர்வை இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள், ஏனென்றால் அது சட்டப்படி குறைபாடு. பால் கொடுப்பது குறைபாடு அல்ல, அதனால் இடைவேளை தர முடியாது என்றது தேர்வு வாரியம். தனி அறை தருகிறோம், நேரம் மட்டும் கிடையாது.

கீழ் நீதிமன்றம் அவர் கோரிக்கையை மறுத்தது. மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாளுக்கு 60 நிமிடம் கூடுதல் இடைவேளை தரச் சொல்லி உத்தரவிட்டது. வழக்கு அதோடு நிற்கவில்லை. 2012இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மாநிலச் சமத்துவச் சட்டங்களின் அடிப்படையில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மணி நேர இடைவேளைக்கு ஐந்து வருடச் சட்டப் போராட்டம். அவர் கேள்வித்தாளை எளிதாக்கச் சொல்லவில்லை, ஒரு கேள்வியைக் கூடக் குறைக்கச் சொல்லவில்லை. கேட்டது இடைவேளை மட்டும். குறைபாடு என்ற பெட்டிக்குள் அடங்காத வாழ்க்கை நிலைமை எதுவாக இருந்தாலும், அதற்கென்று எழுதிவைத்த விதி இல்லாவிட்டால், கேட்பவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால், நம் பட்டயக் கணக்காளர் கழகம் தொடர்கல்வி விதியில் இதை ஒரே வரியில் தீர்த்துவைத்திருக்கிறது. கர்ப்பத்தின் காரணமாகப் பெண் உறுப்பினருக்கு ஒரு காலண்டர் ஆண்டுக்கு விலக்கு உண்டு. ஒரு வரிதான், ஆனால் அது எழுத்தில் இருக்கிறது. கேட்கும் பெண் தன் நிலைமையை விவரித்துக் கெஞ்ச வேண்டியதில்லை, விதியைச் சுட்டினால் போதும். அமெரிக்கச் சிறப்பு மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பும் 2021 ஜூலை முதல் இதே வழிக்கு வந்தது. இரண்டாண்டோ அதற்கு மேலோ பயிற்சி பெறும் மருத்துவர், பிள்ளைப்பேறு, குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ளுதல், சொந்த உடல்நலம் ஆகியவற்றுக்காகக் குறைந்தது ஆறு வாரம், வழக்கமான விடுமுறையில் கைவைக்காமல், ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். அதற்காகப் பயிற்சிக் காலம் நீளாது. ஆறு வாரம் போதுமா என்பது வேறு விஷயம். கவனித்துக்கொள்பவர் என்ற சொல் விதிப்புத்தகத்துக்குள் வந்ததே பெரிய விஷயம் என்பேன். அக்கா அந்தச் சொல்லுக்குள் வருவார்.

எது இடர், எது இடரில்லை? ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியே வகுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் நாலைந்து தலைப்புக்குள் அடங்கிவிடும்: மருத்துவ அவசரம், ராணுவ அழைப்பு, நெருங்கிய உறவில் மரணம், இயற்கைச் சீற்றம். பிஎம்பி தேர்வைத் தவறவிட்டவர்களுக்கான விதியில் இவை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். விபத்து அறிக்கை, மருத்துவச் சான்று, இறப்புச் சான்றிதழ் போன்ற ஆதாரம் தர வேண்டும். வேலை நிமித்தமான காரணம் எடுபடாது. கடைசியாகச் சொன்னதைச் சென்னை ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில் கிளையன்ட் கூப்பிட்டார், ரிலீஸ் தள்ளிப்போனது, திடீரென்று வெளியூர் அனுப்பிவிட்டார்கள் என்பதெல்லாம் நமக்கு நிஜமான நெருக்கடிதான். அமைப்பின் கண்ணுக்கு அது இடரே அல்ல.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் இதில் இருக்கிறது. ராணுவ அழைப்பு என்பது அமெரிக்கச் சூழலில் பிறந்த விதி. அங்கே ரிசர்வ் படையில் இருக்கும் பொறியாளரைத் திடீரென்று அழைத்துவிடுவார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் ஒருவரின் மூன்று வருடத் திட்டத்தைத் தலைகீழாக்குவது பெரும்பாலும் பெற்றோரின் நோய்தான். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையையே விட்டவர்கள் என் பழக்கத்தில் மட்டும் மூன்று பேர். மரணத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியதற்கு எந்த அலுவலகத்திலும் சான்றிதழ் கொடுப்பதில்லை. பட்டியல் எழுதியவர்கள் இதை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் பட்டியல்கள் மாறும். 2020இல் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது அதுவரை அசையாத கெடுக்கள் எத்தனையோ நகர்ந்தன. உள்மருத்துவ வாரியம் அந்த ஆண்டின் கெடுக்களை முதலில் 2021க்கும் பிறகு 2022க்கும் தள்ளியது. அப்படித் தள்ளியதால் சான்றிதழின் மதிப்பு விழுந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

ஆதாரம் தருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் எத்தனை வீடுகளில் பீரோவோடு சேர்ந்து ஆவணங்கள் ஊறிப்போயின என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இழந்த ஆவணங்களுக்கு நகல் வழங்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. வெள்ளம் வந்ததற்கு ஆதாரம் கேட்டால் ஆதாரமே வெள்ளத்தில் போய்விட்டது என்ற நிலை. அந்த மாதிரி நேரத்தில் செய்தித்தாள் நறுக்கு, அரசின் பேரிடர் அறிவிப்பு, நிறுவனத்தின் ஹெச்.ஆர். கடிதம் ஆகியவற்றையும் ஏற்பீர்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுவதே நல்லது.

மருத்துவ ஆதாரம் என்றதும் டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள். தேவையில்லை. அமைப்புக்குத் தெரிய வேண்டியது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை உங்களால் இயங்க முடியவில்லை என்பதுதான். நோயின் பெயர், ரத்தப் பரிசோதனை முடிவு, மனநல மருந்தின் அளவு ஆகியவை அவர்கள் கோப்பில் காலத்துக்கும் கிடக்க வேண்டியதில்லை. தேதிகளை மட்டும் உறுதிசெய்து மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். தருவார்கள்.

பணத்துக்கு வருவோம். வேலை போய்விட்டது, ஆண்டுக் கட்டணம் கட்ட முடியவில்லை. இதற்கு நேரடித் தள்ளுபடி தரும் அமைப்புகள் குறைவு. ஆனால் பக்கவாட்டில் சில கதவுகள் இருக்கின்றன. சிசா வைத்திருப்பவர் அந்தத் துறையிலேயே இப்போது வேலை பார்க்கவில்லை என்றால் 'பணியில் இல்லாதவர்' என்ற நிலைக்கு மாறலாம். கட்டணம் தொடரும், பயிற்சி மணி நேரக் கணக்கு நின்றுவிடும். 55 வயதைக் கடந்து நிரந்தரமாக ஓய்வு பெற்றவருக்கும், நிரந்தரக் குறைபாட்டால் வேலை செய்ய முடியாதவருக்கும் 'ஓய்வு பெற்றவர்' நிலை உண்டு. பிஎம்பியிலும் பத்தாண்டு தொடர்ந்து வைத்திருந்து, அந்தத் தொழிலில் இனி முதன்மை வருமானம் ஈட்டாதவர் ஓய்வு நிலைக்குப் போகலாம். காலாவதியாக விடுவதைவிட இந்த நிலைகள் எவ்வளவோ மேல். வேலை இல்லாத காலத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு சான்றிதழைச் செத்துப்போக விடுகிறவர்கள் இதை யோசிப்பதேயில்லை.

சி.ஏ.க்களுக்குச் சட்டமே கறார். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, கட்டணம் கட்டாதவரின் பெயரை உறுப்பினர் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்கிறது. ஏப்ரல் 1 அன்று கட்ட வேண்டியது, செப்டம்பர் 30 வரை அவகாசம், அதற்குப் பிறகு பெயர் போய்விடும். திரும்பச் சேர்க்க விண்ணப்பமும் கூடுதல் கட்டணமும் உண்டு. 60 வயது கடந்தவர்களுக்குக் கட்டணம் குறைவு. இதற்கு வெளியே, துன்பத்தில் விழுந்த உறுப்பினருக்கும் அவர் குடும்பத்துக்கும் உதவ 1962இல் தொடங்கிய தனி நல நிதி இருக்கிறது. இங்கிலாந்துக் கணக்காளர்கள் இதையே 1886இல் செய்தார்கள், அரச சாசனம் பெற்று ஆறே ஆண்டுகளில். ஒழுங்குபடுத்தும் கை வேறு, தாங்கும் கை வேறு என்று பிரித்துவைத்த ஏற்பாடு இது. ஒரு கை பெயரை நீக்கினாலும் மறு கை அந்தப் பெயருக்குரியவரின் குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியும். புதிய சர்வதேசச் சான்றிதழ்களைச் சுற்றி இப்படி ஒரு தாங்கும் கையை நான் அதிகம் காணவில்லை. அவை நம்மை உறுப்பினர் என்று அழைக்கின்றன, ஆனால் நமக்கும் அவற்றுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு கட்டணப் பக்கமும் ஒரு நினைவூட்டல் மெயிலும்தான்.

இடைநிறுத்தக் காலத்தில் செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சான்றிதழ் உயிரோடு இல்லாத நாட்களில் லிங்க்ட்இன்னில், விசிட்டிங் கார்டில், மெயில் கையொப்பத்தில் அந்த எழுத்துகளை எடுத்துவிடுங்கள். நிறுவனம் டெண்டர் ஆவணத்தில் உங்கள் பெயரைச் சான்றிதழ் பெற்றோர் பட்டியலில் போட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தகவல் சொல்லுங்கள். காலம் தவறியது மன்னிக்கப்படும். இல்லாத சான்றிதழை இருப்பதாகக் காட்டியது நடத்தை விதி மீறலாகும், அதற்கு நீட்டிப்பு எதுவும் கிடையாது.

எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் டாக்டர் முழு ஓய்வு சொல்லிவிட்டார். சான்றிதழ் முடிய ஐந்து வாரம் இருந்தது, பாக்கி 22 மணி நேரம். "விட்டுடறேன் அக்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ சொல்லு, நான் டைப் பண்றேன்."

மெயில் இவ்வளவுதான். உறுப்பினர் எண், சான்றிதழின் பெயர், முடியும் தேதி. இதுவரை முடித்த மணி நேரம், பாக்கி மணி நேரம். எந்தத் தேதியிலிருந்து ஓய்வில் இருக்கிறாள், மருத்துவரின் கடிதம் இணைப்பில். விலக்கு வேண்டாம், ஆறு மாதம் நீட்டிப்பு வேண்டும், முழு மணி நேரத்தையும் முடிப்பேன். இந்தக் கோரிக்கையைக் கெடுவுக்கு முன்பே அனுப்புகிறேன். முடிவு தெரியும்வரை சான்றிதழின் நிலை என்னவாக இருக்கும் என்றும், மறுத்தால் மேல்முறையீடு யாரிடம் செய்வது என்றும் எழுத்தில் தெரிவியுங்கள். "மன்னிக்கவும்" என்ற சொல்லை அவள் இரண்டு இடத்தில் போடச் சொன்னாள். அக்கா இரண்டையும் எடுத்துவிட்டார்.

ஒன்பது நாளில் பதில் வந்தது. ஆறு மாதம் கிடைத்தது. அந்த மெயிலில் பெயர், எண், தேதி எல்லாவற்றையும் நீக்கி, எங்கள் குழுவின் பொதுக் கோப்பறையில் அக்கா போட்டுவைத்திருக்கிறார். இதுவரை நான்கு பேர் அதை நகலெடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் அப்பா அம்மாவுக்காக.